ஒரு வினைச்சொல்லைக் காணவில்லை

அத்தியாயம் 4

"காணாமப் போனது என்னம்மா?" என்று மேடம் கேட்டார்.

"வினைச்சொல்," என்றார் என் அத்தை.

நான் இருமினேன். மேடத்திடம் உதவியாளனாகச் சேர்ந்த நாளிலிருந்து நகை, நாய்க்குட்டி, உயில், கணவன் என்று பலதையும் தேடியிருக்கிறோம். கணவன் வழக்குகளில் பாதிப் பேர், கண்டுபிடித்துச் சொன்ன பிறகு, இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று கும்பிட்டு அனுப்பியிருக்கிறார்கள். வினைச்சொல்லைத் தொலைத்துவிட்டு வந்தவர் யாரும் கிடையாது. அப்படி வந்த முதல் கேஸே என் அப்பாவின் தங்கையாக வந்து சேர்ந்தது என் ஜாதக விசேஷம்.

"போலீஸ்ல சொன்னீங்களா அத்தை?"

"காலைலயே சொன்னேன்டா. கடைசியா என்ன கலர் டிரெஸ் போட்டிருந்துச்சுன்னு கேட்டாங்க."

நாங்கள் நின்றிருந்தது அகராதி நிலையத்தின் மூன்றாவது மாடி. ஜன்னல்வரை அலமாரிகள், அலமாரிவரை மேஜைகள், மேஜைவரை டீக் கோப்பைகள். இங்கே நடக்கும் வேலையை அத்தை எனக்குச் சின்ன வயதிலிருந்தே விளக்கிவருகிறார். லத்தீன் என்று ஒரு மொழி இருந்தது. அது போய்ச் சேர்ந்துவிட்டது. அதன் பிள்ளைகளான ஸ்பானியம், போர்த்துகீசியம், பிரெஞ்சு, இத்தாலியன், ருமேனியன் எல்லாம் அம்மாவின் பாத்திரம் பண்டங்களைப் பிரித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விட்டன. எந்தப் பிள்ளை எந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு போனது, போன இடத்தில் அதை என்ன பாடுபடுத்தியது என்று கணக்கெடுப்பதுதான் இந்த நிலையத்தின் உத்தியோகம். ஆளுக்கு ஒரு வினைச்சொல் ஒதுக்குவார்கள். அத்தைக்கு ஒதுக்கியது ப்ளிகாரே.

"மடிக்கிறதுன்னு அர்த்தம்," என்றார் அத்தை. தொலைத்த துக்கத்திலும் அதைச் சொல்லும்போது அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "பிரெஞ்சுல ப்ளியே. அங்கயும் மடிக்கிறதுதான். இத்தாலியன்ல பியெகாரே, மடி, வளை. இதுவரைக்கும் சாது. ஸ்பானியத்துக்குப் போனதும் யெகார்னு ஆகி, வந்து சேர்றதுன்னு அர்த்தம் மாறிருச்சு. ருமேனியனுக்குப் போனது ப்ளெகான்னு ஆகி, கிளம்பிப் போறதுன்னு ஆயிடுச்சு."

"ஒரே அம்மா வயித்துப் பிள்ளைங்க. ஒருத்தன் வரேங்கிறான், இன்னொருத்தன் போறேங்கிறானா?"

"கப்பல்காரன் கரைக்கு வந்ததும் பாயை மடிப்பான். அதனால மடிச்சா வந்தாச்சு. படைவீரன் கிளம்புறப்போ கூடாரத்தை மடிப்பான். அதனால மடிச்சா போயாச்சு. இப்படி ஒரு விளக்கம் இருக்கு. பாய்தான் சரின்னு ஒரு கட்சி, கூடாரம்தான் சரின்னு ஒரு கட்சி. இந்தக் கட்டடத்துல ரெண்டு பேரு அதுக்காகவே வருஷக்கணக்கா பேசிக்கிறதில்ல. காட்டலான்னு இன்னொரு மொழி இருக்குடா, அதுல ப்ளெகார்னா வேலையை முடிச்சுட்டுக் கிளம்புறது."

"அது இந்த ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்ச சொல்லா இருக்குமே."

"கிளம்புறது தெரியும். முடிக்கிறதுதான் யாருக்கும் தெரியாது," என்றார் அத்தை.

விஷயம் அங்கேதான் இருந்தது. எந்த ஊர் எந்த மலைக் கிராமமானாலும் விடாமல், ப்ளிகாரேயின் பேரன் பேத்திகளை எல்லாம் சீட்டுச் சீட்டாக எழுதி, ஒரு மரப்பெட்டியில் அடுக்கி வந்தவர் அத்தை. நேற்று மாலை கடைசிச் சீட்டை உள்ளே வைத்து மூடிவிட்டார். டீ நேரத்தில் இயக்குநர், இரண்டு பேராசிரியர்கள் என மூன்று பேரிடம், "என்னுது முடிஞ்சுருச்சு," என்று சொன்னார். இன்று காலை அலமாரியைத் திறந்தால், பெட்டி இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு சதுரம்தான் இருந்தது.

"அலமாரிச் சாவி?" என்றார் மேடம்.

"எல்லா அலமாரிக்கும் ஒரே சாவிதாங்க. டீ பாய்லர் பக்கத்துல ஆணியில தொங்கும்."

"இன்னிக்கு நாலு மணிக்கு என்னமோ இருக்குன்னீங்களே?"

"அறக்கட்டளை அதிகாரி வர்றாரு. இந்த நிலையத்தை நடத்துறதே அவங்கதான். காட்டுறதுக்கு ஒண்ணும் இல்லாதவங்களை இந்த வருஷம் வீட்டுக்கு அனுப்பப் போறாங்களாம். பெட்டி போச்சுன்னு இயக்குநர்கிட்ட ஓடினேன். பெட்டி இருந்ததுக்கு என்னம்மா சாட்சின்னு கேக்குறாரு."

அத்தை அழவில்லை. அவர் அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மேஜை மேலிருந்த காலி டீக் கோப்பையை எடுத்து, அடியைப் பார்த்து, திரும்ப வைத்தார்.

"வேலை போனா போகுது. இத்தனை வருஷமும் சும்மா உக்காந்து டீ குடிச்சான்னு எழுதப் போறாங்கடா. அதைத்தான் என்னால தாங்க முடியல," என்றார்.

நான் அன்று அதற்கு மேல் அந்த அறையில் ஜோக் அடிக்கவில்லை. படிக்கட்டுக்கு வந்த பிறகுதான் அடித்தேன்.

"மேடம், சந்தேகம் மூணு பேர் மேல. மூணு பேரும் படிச்சவங்க. நாம ரெண்டு பேரும் என்ன பண்ணப் போறோம்? நீங்க முன்னாடி ரயில்வேல தொலைஞ்ச சாமான் பிரிவுல இருந்தவங்க. நான் பிகாம், அதுலயும் கொஞ்சம் பாக்கி."

"லத்தீன் எனக்குத் தெரியாது," என்றார் மேடம். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவருக்குக் கூச்சமே கிடையாது. துப்பறியும் தொழிலுக்கு அது பாதி மூலதனம். மீதி மூலதனம் நான். "ஒரு சொல்லு சொல்லுங்க தம்பி. உலகத்துலயே இல்லாத சொல்லா இருக்கணும்."

"குர்முசாரே," என்றேன். என் மச்சான் தும்மும் சத்தம் அது.

"அர்த்தம்?"

"கோழி ஒத்தக்கால்ல நின்னு தூங்குறது."

"போதும், வாங்க."

இயக்குநர் மிகவும் மரியாதையான மனிதர். உட்காரச் சொன்னார், மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பினார், அத்தைக்காக வருத்தப்பட்டார். நல்ல பெண்மணிதான், ஆனால் கற்பனை கொஞ்சம் அதிகம் என்றார். வினைச்சொல் என்பது முடிவற்றது, அதை முடிப்பது மனித யத்தனத்துக்கு அப்பாற்பட்டது என்று தான் வருடாவருடம் அறிக்கையில் எழுதிவருவதாகவும் சொன்னார்.

"எனக்குச் சின்னதா ஒரு சந்தேகம் சார்," என்றார் மேடம். "குர்முசாரேன்னு ஒரு சொல்லு இருக்காமே? கோழி ஒத்தக்கால்ல தூங்குறதுக்கு?"

இயக்குநர் கண்ணை மூடித் திறந்தார். "இருக்கு. பிற்கால லத்தீன். பண்ணை வழக்கு. ரொம்ப அரிதானது. நீங்க எங்க பிடிச்சீங்க அதை?"

"இவரு சொன்னாரு."

"நல்ல படிப்பு," என்று இயக்குநர் என்னைப் பாராட்டினார். என் பிகாமுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

அடுத்த அறையில் இரண்டு பேராசிரியர்கள் இருந்தார்கள். ஸ்பானியப் பகுதிக்குத் தலைவர் பாய் கட்சி. ருமேனியப் பகுதிக்குத் தலைவர் கூடாரக் கட்சி. ஊழியர்கள் முன்னவருக்கு 'வருகை' என்றும் பின்னவருக்குப் 'புறப்பாடு' என்றும் பெயர் வைத்திருந்தார்கள். இருவருக்கும் நடுவில் கூரைவரை ஒரு புத்தக அலமாரியை நிறுத்தி அறையைப் பாகம் பிரித்திருந்தார்கள்.

"பெட்டியைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?" என்று மேடம் கேட்டார்.

"பெட்டின்னு ஒண்ணை நான் பார்த்ததே இல்ல," என்றார் வருகை. "அந்தம்மா டீ குடிச்சுப் பார்த்திருக்கேன்."

அலமாரிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "தம்பி, அவர்கிட்ட சொல்லுங்க. இந்த ஒரு விஷயத்துல மட்டும் எனக்கும் அதே கருத்து."

"அவர் கருத்து எனக்குத் தேவையில்லன்னு சொல்லுங்க தம்பி."

நான் இரண்டு பக்கமும் தலையை நீட்டிச் சொன்னேன். இரண்டு பேர் சேர்ந்து ஒரு பொய்யைச் சொல்ல என்னைத் தபால்காரனாக வைத்துக்கொண்டார்கள். இருவருக்கும் அந்தப் பெட்டி மேல் பயம் என்பது பிகாமுக்கே புரிந்தது. அது அச்சாகி வெளியே வந்தால் இருவரில் ஒருவர் ஆயுள் முழுக்கப் பேசியது வீண் என்று ஆகிவிடும்.

மேடம் கோழியை இங்கேயும் அவிழ்த்துவிட்டார். வருகை அதை ஒரு துறைமுகத்தில் கேட்டிருந்தார். புறப்பாடு, அது துறைமுகச் சொல்லே அல்ல, மேய்ச்சல்காரர்களுடையது என்று என் மூலமாகத் தெரியப்படுத்தினார்.

வெளியே வந்ததும் மேடம் சொன்னார்: "பாத்தீங்களா. இந்த மாடியில யாரும் தெரியாதுன்னு சொல்றதில்ல. எதைக் கேட்டாலும் தலையாட்டுறாங்க."

"அப்போ இவங்க சொல்ற எதையும் நம்ப முடியாதே மேடம். எப்படித் துப்பறியறது?"

"தலையாட்டாத ஆளைத் தேடணும். இன்னொரு சொல்லு குடுங்க. இது ப்ளிகாரே குடும்பத்துச் சொல்லு மாதிரி இருக்கணும்."

நான் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன். எதிர்க் கடை வாசலில் ஒருவர் மடித்த குடையை அக்குளில் செருகிக்கொண்டு யாரையோ எதிர்பார்த்து நின்றார். "பிளிங்கோட்டா," என்றேன். "வர மாட்டாங்கன்னு தெரிஞ்ச ஒருத்தருக்காக, குடையை மடிச்சு வெச்சுக்கிட்டுக் காத்திருக்கிறது."

பதினொரு மணி டீக்கு எல்லாரும் பாய்லரைச் சுற்றிக் கூடினார்கள். இந்த நிலையத்தில் தவறாமல் நடக்கும் ஒரே காரியம் அது. வருகையும் புறப்பாடும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். இயக்குநர் நடுவில் நின்றார்.

மேடம் தன் கோப்பையை ஊதியபடி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "பெட்டி கிடைக்கலைன்னாலும் பரவாயில்ல போல இருக்கு. அந்தம்மா கண்டுபிடிச்ச சொல்லு ஒண்ணு எங்களுக்குத் தெரிய வந்திருக்கு. பிளிங்கோட்டா. ஏதோ மலைப்பக்கத்து வழக்காம்." அர்த்தத்தையும் சொன்னார். "வேற எந்தப் புத்தகத்துலயும் இல்லாத சொல்லாமே. நாலு மணிக்கு இந்த ஒண்ணை அதிகாரிகிட்ட சொன்னாலே அந்தம்மா வேலை செஞ்சதுக்கு அத்தாட்சி ஆயிடும் இல்லையா? உங்க மூணு பேர் அபிப்பிராயம் என்ன?"

வருகை உடனே தலையாட்டினார். "கேட்டிருக்கேன். மீனவப் பெண்கள் படகு வந்து சேரக் காத்திருக்கிறதுக்குச் சொல்வாங்க. பாய் விளக்கத்துக்கு இதைவிட நல்ல சான்று வேணுமா?"

"அவர்கிட்ட சொல்லுங்க தம்பி," என்றார் புறப்பாடு. "போனவங்களுக்காகக் காத்திருக்கிறதுதான் அது. போனாத்தானே காத்திருக்க முடியும்? கூடாரம்."

இயக்குநர் மட்டும் சிரித்துக்கொண்டே கோப்பையைக் கழுவி வைத்தார். "மதியத்துக்கு மேல சொல்றேன்மா," என்று அறைக்குப் போய்விட்டார்.

மதிய இடைவேளையில் இரண்டு பேராசிரியர்களையும் கண்காணிக்கச் சொல்லி மேடம் என்னை அனுப்பினார். வருகை மேஜை மேல் தலை வைத்துத் தூங்கினார். அலமாரிக்கு அந்தப் பக்கம் புறப்பாடு நாற்காலியில் சாய்ந்து தூங்கினார். ஒருவர் குறட்டையை நிறுத்தினால் மற்றவர் தொடங்கினார். இந்த ஒற்றுமை விழித்திருக்கும்போது இருந்திருந்தால் அகராதி என்றைக்கோ வந்திருக்கும். நான் நின்று நின்று கால் கடுத்ததுதான் மிச்சம்.

சாப்பாட்டு நேரம் முடிந்து கொஞ்ச நேரத்தில் இயக்குநர் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். இந்த முறை மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பவில்லை.

"சொல்றதுக்கே கஷ்டமா இருக்கு," என்று தொடங்கினார். "பிளிங்கோட்டான்னு ஒரு சொல்லு கிடையாது."

"நிச்சயமாவா சார்?" என்றார் மேடம்.

"நிச்சயமா."

"எங்கயாவது ஒரு சின்ன மலைக் கிராமத்துல, நாலு பேர் மட்டும் பேசுற வழக்கா இருக்கலாமே?"

"அம்மா, ப்ளிகாரேயோட மலைப்பக்கத்து வழக்குகள் ஒண்ணு விடாம எனக்குத் தெரியும். அதுல இது இல்ல. உங்க கட்சிக்காரர் இல்லாத சொல்லை உண்டாக்கி இருக்காங்க. இதை நான் அதிகாரிகிட்ட சொல்லாம இருக்க முடியாது. என் நாற்காலி அப்படி."

வராந்தாவுக்கு வந்ததும் நான் சுவரில் சாய்ந்துவிட்டேன். அதுவரை அத்தைக்கு வேலை செய்யவில்லை என்ற கெட்ட பெயர்தான் இருந்தது. இப்போது பொய்ச் சொல் செய்தார் என்ற பெயரும் சேரப்போகிறது. அந்தப் பொய்ச் சொல்லை ஜன்னலைப் பார்த்துச் செய்தவன் அவருடைய சொந்த அண்ணன் மகன்.

அத்தை எதிரே வந்தார். மேடம் அவரை நிறுத்தினார். "ஒண்ணு கேக்கணும்மா. பிளிங்கோட்டான்னு ஒரு சொல்லு உங்க பெட்டியில உண்டா?"

அத்தை நெற்றியைச் சுருக்கி யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார்.

"இருக்கலாங்க. இல்லாமலும் இருக்கலாம். மலைப்பக்கத்துல மட்டும் எவ்வளவோ சீட்டு. பெட்டியைப் பார்க்காம நான் எப்படிச் சொல்றது?"

"நீங்களே எழுதின சீட்டுதானே?"

"நான் எழுதினதாலதான் சொல்றேன். அத்தனையும் மனசுல நிக்கும்னா சீட்டு எதுக்கு, பெட்டி எதுக்கு?"

அந்த வழக்கில் மேடம் முதன்முறையாகச் சிரித்தார். எனக்கும் அப்போதுதான் மண்டையில் ஏறியது. எழுதியவருக்கே பெட்டியைப் பார்க்காமல் சொல்ல முடியவில்லை. இயக்குநருக்குச் சாப்பாட்டு நேரத்துக்குள் நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

"இந்த ஆளுங்ககிட்ட உள்ள கெட்ட பழக்கம் தலையாட்டுறது," என்றார் மேடம். "நல்ல பழக்கம் ஒண்ணும் இருக்கு. பக்கத்துல சீட்டு இருந்தா எடுத்துப் பார்க்காம இருக்க முடியாது. காலைல கோழியை யோசிக்காம ஒத்துக்கிட்ட மனுஷன், மத்தியானம் குடையைத் தேடிப் பார்த்துட்டு இல்லேங்கிறாரு. நம்ம தொலைஞ்ச சாமான் இந்த மாடியிலதான் இருக்கு. சாப்பாட்டு நேரம் முழுக்க நான் படிக்கட்டுலதான் உக்காந்திருந்தேன். அவரு கீழ இறங்கலை."

"இந்த மாடியில அலமாரி மட்டும் ஒரு தெரு நீளத்துக்கு இருக்கே மேடம். எதைன்னு திறக்கிறது? இந்த ஆபீஸ்ல ஒரு பொருளை யாரு கண்ணுலயும் படாம வைக்கணும்னா நான் அங்கதான் வைப்பேன்." விளையாட்டுக்குத்தான் வராந்தாவின் கோடியைக் காட்டினேன். அங்கே ஒரு இரும்பு அலமாரி நின்றது. அதன் மேல் 'இந்த ஆண்டே முடிக்க வேண்டியவை' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அந்தத் தாளே பழுப்பேறிப் போயிருந்தது.

மேடம் அதை நோக்கி நடந்தார். கதவுக்கும் சுவருக்கும் நடுவே சிலந்தி பல காலமாகக் கட்டி வைத்திருந்த வலை, நேராக இரண்டாகக் கிழிந்து தொங்கியது.

"நாலு மணி வரைக்கும் இதைத் தொடாதீங்க," என்றார் மேடம்.

நாலு மணிக்கு அதிகாரி வந்தார். குட்டையான, களைத்த மனிதர். கூட்டத்துக்கு எல்லாரும் இயக்குநர் அறையில் உட்கார்ந்தோம். அத்தை மட்டும் நின்றார். இயக்குநர் மிகுந்த வருத்தத்துடன், காட்ட ஒன்றும் இல்லாத ஒரே ஊழியர் இவர்தான் என்றார். தவிரவும், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இல்லாத சொல்லை உண்டாக்கியிருக்கிறார் என்றார்.

"உண்டாக்கினது அவங்க இல்ல சார்," என்றார் மேடம். "இதோ, இவரு."

நான் எழுந்து கும்பிட்டேன்.

வருகை தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் கேட்டது கொஞ்சம் வேற உச்சரிப்பு," என்றார். புறப்பாடு முதன்முறையாக எந்தத் தகவலும் என் மூலம் அனுப்பவில்லை.

"கோழி தூங்குற சொல்லும் இவரோடதுதான்," என்று மேடம் இயக்குநரிடம் திரும்பினார். "அதைப் பிற்கால லத்தீன்னு சொன்னீங்க. குடையை மட்டும் ஏன் சார் அடிச்சு மறுத்தீங்க? பெட்டியை வெச்சிருக்கவங்களுக்குத்தான் பெட்டியில என்ன இல்லைன்னு தெரியும். இப்ப வர்ற வழியில பாத்தேன், சாவி ஆணியில இல்ல. உங்க பையில இருக்குன்னு நினைக்கிறேன்."

இயக்குநர் பையில் கை விட்டுச் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார். நான் வராந்தாக் கோடிக்கு ஓடி, பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தேன். அத்தை மூடியைத் திறந்து, சீட்டுகளின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார். அப்போதுதான் அவர் கண் கலங்கியது.

அதே நொடி வருகையும் புறப்பாடும் இரண்டு பக்கமிருந்தும் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். இருவர் தலையும் இடித்துக்கொண்டன. "பாயா, கூடாரமா?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"அச்சுல வரட்டும், வாங்கிப் படிங்க," என்று அத்தை மூடியைச் சாத்தினார்.

"ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?" என்று அதிகாரி இயக்குநரைக் கேட்டார்.

"வேற என்ன சார் பண்றது?" என்று இயக்குநர் மேஜை மேலிருந்த சாவியைப் பார்த்துக் கேட்டார். "வினைச்சொல்லை முடிக்கவே முடியாதுன்னு வருஷாவருஷம் எழுதிக்கிட்டு வர்றேன். இந்தம்மா முடிச்சுட்டேன்னு வந்து நிக்குறாங்க. ஒருத்தர் முடிச்சா, மத்தவங்க ஏன் முடிக்கலன்னு கேப்பீங்களே. என் வினைச்சொல் நான் சேர்ந்த அன்னிக்கு எங்க இருந்துச்சோ அங்கயேதான் இருக்கு."

அதிகாரி கடுமையாக ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தன் ஃபைலைத் திறந்தார். பழைய அறிக்கைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒவ்வொன்றின் அடியிலும், 'முடிவற்றது' என்ற சொல்லுக்குக் கீழே, ஒப்புக்கொண்டதாக அதிகாரியின் கையெழுத்தே இருந்தது. அவர் முகம் இயக்குநர் முகத்தைவிட மோசமாகப் போனது.

"இப்படிச் செய்வோம்மா," என்று குரலைத் தாழ்த்தினார். "பெட்டி இருக்கு, நீங்க உழைச்சிருக்கீங்க, அதை நான் எழுதுறேன். உங்க வேலைக்கு ஆபத்து இல்ல. பணி நடந்து வருகிறதுன்னு ஒரு வரி போட்டுடலாம். பெட்டி அந்த இரும்பு அலமாரியிலயே இருக்கட்டும். எல்லாருக்கும் நல்லது."

எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. அது நல்ல பேரம்தான். மாதம் பிறந்தால் சம்பளம், பதினொரு மணிக்கு டீ, யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்ல மாட்டார்கள். அத்தை வீட்டுப் பாடு எனக்குத் தெரியும்.

"நடந்து வரலைங்க," என்றார் அத்தை. "முடிஞ்சுருச்சு."

"அம்மா, இத்தனை பேர் வீட்டு அடுப்பு எரியணும்," என்றார் இயக்குநர்.

"நான் முடிச்சதால யார் வீட்டு அடுப்பும் அணையாது சார். அவங்கவங்க உக்காந்து அவங்கவங்களுதை முடிச்சா இன்னும் நல்லா எரியும். டேய், அந்தப் பக்கம் பிடி."

நான் அந்தப் பக்கம் பிடித்தேன். மேடம் கதவைத் திறந்துவிட்டார். யாரும் எங்களைத் தடுக்கவில்லை. தடுப்பதென்றால் அதற்கொரு கூட்டம் போட வேண்டும், கூட்டமோ ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது.

நிலையத்தின் அச்சகம் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. அகராதியை அச்சடிக்கவென்றே வாங்கிப் போட்ட இயந்திரத்தில் விடுமுறை விண்ணப்பமும் ஆண்டறிக்கையும் மட்டும் அடித்துக்கொண்டிருந்தார்கள். பெட்டி கனத்தது, மூச்சு வாங்கியது, ஆனாலும் படிக்கட்டு முழுக்க அத்தை பக்கம் ஒரு தடவைகூடத் தாழவில்லை. என் அத்தையை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. அதை அவரிடம் சொல்லாமல் பாரத்தைப் பற்றி முனகிக்கொண்டே இறங்கினேன்.

ஃபோர்மேன் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். பெட்டியைப் பார்த்ததும் எழுந்தார்.

"விண்ணப்பமா?"

"அகராதி," என்றார் அத்தை.

ஃபோர்மேன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கேலி செய்கிறோமோ என்ற சந்தேகம் அவருக்கு. மேடம் பெட்டியைத் திறந்து காட்டினார். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, முதல் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். அப்புறம் ஆண்டறிக்கைத் தாள்களைச் சத்தமில்லாமல் எடுத்து ஓரமாக வைத்தார்.

"சரிம்மா. முதல் பக்கத்துல உங்க பேரு வரும். பேருக்குக் கீழ என்ன போடட்டும்? மாடியில உள்ளவங்க எல்லாருக்கும் அறிக்கையில 'தொகுத்து வருபவர்'னு போடுறதுதான் வழக்கம்."

அத்தை பெட்டி மேல் கையை ஊன்றி மூச்சை வாங்கிக்கொண்டார்.

"தொகுத்து முடித்தவர்னு போடுங்க."

"அப்படி இதுவரைக்கும் யாருக்கும் போட்டதில்லையேம்மா."

"அதனாலதான் போடச் சொல்றேன்," என்றார் அத்தை.